மரகதம் அத்தையின் மூன்று பிளக்குகள்

பள்ளிக்கூடத்துக்கு யாராவது என்னைத் தேடி வந்தால் முதலில் அத்தையின் கார் ஹாரன்தான் கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. வாட்ச்மேன் வகுப்பு வாசலில் நின்று என் பெயரைச் சொன்னார். வெளியே ஒரு ஆட்டோ நின்றது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நைனாவின் தங்கை மரகதம் அத்தை உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் ஆட்டோவில் ஏறியதில்லை.

மற்றது, அத்தையோடு மார்க்கெட்டுக்குக் கூடை ஏற்றிப்போன உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பொன்னேரி மார்க்கெட்டில் நண்டுக் கூடையை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நீங்கள். கருமாதிக்கு வைக்கும் பேனருக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னதும் நீங்கள்தான். நான் எழுதுவது பேனரில் அடங்காது. நைனா தூங்கிய பிறகு, போர்வைக்குள், செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் நிறுத்திவிடுகிறேன்.

பின் சீட்டைக் கழற்றிவிட்டு உங்கள் கூடைகளை ஏற்றிப்போன அந்தப் பழைய காருக்கு, அத்தை முதன்முதலாக வீட்டிலேயே ஸ்பார்க் பிளக் மாற்றிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு மூன்று வயர்களையும் ஒன்றாகப் பிடுங்கினார். திரும்ப மாட்டும்போது எது எங்கே என்று தெரியவில்லை. நம் தோணிரேவில், கோயில் எதிரில் இருக்கும் எங்கள் வாசலில் சாவியைத் திருப்பியதும் 'டமால்' என்றது. உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர்கள் எழுந்தேவிட்டார்கள்.

"இன்னா மரகதம், சாமி ஊர்வலத்துக்கு இப்பவே வெடி வெக்கிறியா?"

"உன் மீசைக்குத்தான் வெச்சேன். தள்ளி நில்லு!"

அன்று சாயங்காலமே ஒவ்வொரு வயரிலும் வலை நூல் கட்டினார். சிவப்பு, நீலம், வெள்ளை. "ஒண்ணு கழட்டு, ஒண்ணு மாட்டு. அப்பால அடுத்தது" என்பார். நீங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடையைத் திணிக்கும்போதும் இதையேதான் கத்துவார்.

எனக்கு அவர் எதையும் சொல்லித் தந்ததில்லை. பக்கத்தில் போனாலே, "எட்டப் போடி, சடை உள்ள வுழுந்துடும்" என்று விரட்டுவார். துணி காயும் கொடிக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். ஒருமுறை படகு நட்டை இறுக்குவதுபோல இறுக்கி, பிளக்கின் வெள்ளைப் பீங்கானை உடைத்துவிட்டார். அன்று முழுவதும் காரைத் திட்டினார், பிளக்கைத் திட்டினார், சம்பந்தமே இல்லாமல் நைனாவையும் திட்டினார். அதற்குப் பிறகு எடுத்ததும் ஸ்பேனரைப் போட மாட்டார். "கை போற வரைக்கும் கை. அப்பாலதான் ஸ்பேனர்."

அத்தை போவதற்குச் சில நாள் முன்பு கார் தும்ம ஆரம்பித்தது. நம் உப்புநீர் ஏரிக்காற்று பிளக்கையெல்லாம் சீக்கிரம் தின்றுவிடும். புதுப் பிளக்குகள் வாங்கி டேஷ்போர்டில் வைத்திருந்தார். "ஞாயித்துக்கெழம மாத்திடலாம். உன் அக்காளுக்கு வலி எடுக்கறப்போ இது நடுவழியில நின்னா அசிங்கம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் இல்லை. மார்க்கெட்டிலிருந்து காரை ஓட்டி வந்து கொடுத்தவரும், "இன்னா வண்டி இது, தும்மிக்கினே வருது" என்றார்.

நைனா அதைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டிவிட்டார். "கருமாதி முடியற வரைக்கும் அவ பொருள ஒருத்தரும் தொடக் கூடாது."

அக்கா பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். கருமாதி வரை அவளுக்குத் தாங்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்தான். எவ்வளவு தூரத்திலிருந்து வரும், யாருக்குத் தெரியும்? காரைத் தொடாமல் விட்டு அது வழியில் நின்றால் என்ன ஆகும்? தொட்டபிறகு அக்காவுக்கோ குழந்தைக்கோ ஏதாவது ஆனால் என்னால்தான் என்பார்கள். எனக்கு இரண்டுமே பயமாக இருந்தது.

இன்று மதியம் நைனா ஊர்க் கூட்டத்துக்குப் போனார். தார்ப்பாயை முன்பக்கம் மட்டும் தூக்கினேன். கதவின் பூட்டு எப்போதோ உப்பில் செத்துப்போனது. உள்ளே போய் டேஷ்போர்டிலிருந்த புதுப் பிளக்குகளை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். சிவப்பு நூல் பிளக் எளிதாக வந்தது, புதியதை மாட்டினேன். நீலமும் அப்படியே. வெள்ளை அசையவே இல்லை. துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு முழு உடம்பாலும் ஸ்பேனரைத் தள்ளினேன். அது கழன்றபோது தெருமுனையில் நைனாவின் குரல் கேட்டது. புதியதைக் கையால் முறுக்கி, ஸ்பேனரால் கொஞ்சம் திருப்பி, வயரை அழுத்தி, பானெட்டை மூடி, தார்ப்பாயை இழுத்துவிட்டு ஓடிவந்தேன்.

வயர் 'டக்' என்று உட்கார்ந்ததா? உட்கார்ந்ததாக நானே நினைத்துக்கொண்டேனா? கையால் முறுக்கும்போது கோணலாகப் போயிருக்குமோ? ஸ்டார்ட் செய்து பார்க்க முடியாது. சத்தம் கேட்கும்.

அக்கா எழுந்து நடக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். அம்மா நைனாவை எழுப்புகிறாள்.

இனி எழுதுவது பொன்னேரி ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து.

நைனா தார்ப்பாயின் கயிற்றை அவிழ்க்கவில்லை, அறுத்தார். அக்காவை முன்சீட்டில் ஏற்றிவிட்டு அம்மாவும் நானும் பின்னால் தரையில் உட்கார்ந்தோம். முதல் திருப்பில் கார் முனகியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. திருப்பாலைவனம் தாண்டினோம். பிறகு நைனா, "தும்மலையே!" என்றார்.

"பேசாம ஓட்டு நைனா!" என்று அக்கா கத்தினாள்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கைகளைத் துணிப்பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன்.

விடியும்போது பெண் குழந்தை பிறந்தது. நைனா நேராக என்னிடம் வந்து, "கையக் காட்டு" என்றார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். அடி விழவில்லை.

"வெள்ள நூலு கட்டினது எப்பவும் முரண்டு பண்ணும். அவளுக்கே லேசுல வராது" என்றார். "போ, சோப்பு போட்டுக் கழுவு. கொழந்தையத் தூக்கணும்ல."

ஊரில் என்ன சொல்வார்களோ தெரியாது. கருமாதியன்று யாராவது கேட்டால் இதையே படிப்பேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகத்தின் இடுக்கில் இருந்த கறுப்பு போகவில்லை. அத்தையின் நகத்திலும் அது எப்போதும் இருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கையால்தான் குழந்தையை வாங்கினேன். அந்தக் கறுப்பு என்னிடமே இருக்கட்டும்.