தமயந்தியின் நாலாம் தண்ணீர்

மூன்று தண்ணீரில் அலசிய ட்யூபை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் தமயந்தி. குண்டூசி முனை அளவுக்குக்கூட அதில் அழுக்கு இல்லை. இருந்தாலும் உதட்டைப் பிதுக்குகிறார். இன்னொரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரே ஒரு சொட்டு விட்டு, ட்யூபை அதில் ஒரு முக்கு முக்கி, உதறி, கம்பித் தட்டில் கவிழ்க்கிறார். இதுதான் நாலாம் தண்ணீர். இதற்குமேல் அலசக் கூடாது. "அந்தச் சொட்டுதாங்க காவலு. அது மேல பூசிகினு இருந்தா தூசி கிட்ட வராது" என்பார். இவ்வளவு சீராட்டல் நடக்கும் ட்யூப் பழையது என்று நினைத்துவிட வேண்டாம். அன்று காலையில்தான் பாக்கெட்டைப் பிரித்தார்.

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பம் கடைத்தெருவில், மாடியில் இருக்கும் அந்தச் சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு இது பதினெட்டாவது வருடம். பிறந்தது காடாம்புலியூர். முந்திரித் தோப்புச் செம்மண் தட்டினால் உதிர்ந்துவிடும். இங்கே இருப்பதோ நிலக்கரித் தூசி. காலையில் துடைத்த மேசையில் பதினோரு மணிக்கு விரலால் பெயர் எழுதலாம். ஊரில் மற்றவர்கள் வெள்ளைச் சட்டை வாங்குவதை நிறுத்திவிட்டுத் தூசியோடு சமாதானமாகப் போய்விட்டார்கள். தமயந்தி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் உட்காரும் முன் நாற்காலியைத் துடைப்பார். எழுந்த பிறகும் துடைப்பார். இரண்டாவதுதான் கொஞ்சம் மனதைக் குத்தும். கணவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. "எங்க வூட்டுக்காரரு ஷிப்ட் முடிஞ்சு வந்தா நேரா பாத்ரூமுதான். மூஞ்சி கழுவினு வந்த அப்புறந்தான் யாருன்னே பாப்பேன்."

அவர் வாயில் அதிகம் புழங்கும் சொல் 'சுத்தம்'. ரிப்போர்ட் வாங்க வந்தவரிடம் "சுகர் சுத்தமா இல்லீங்க" என்பார். அதையே "ரத்தம் சுத்தமா இருக்குங்க" என்றும் சொல்வார். ஒன்று அடியோடு இல்லை, இன்னொன்று நன்றாக இருக்கிறது. இரண்டையும் ஒரே சிரிப்போடு சொல்வதால் கேட்பவருக்கு வித்தியாசம் தேவைப்பட்டதில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சண்முகப்ரியா என்ற இளம் விஞ்ஞானி ஒரு குளிர்பெட்டியோடு வந்து சேர்ந்தார். பெட்டிக்குள் குமிழிகள். கொழுப்பால் ஆனவை, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் பச்சையாக ஒளிரும் சாயம். மேலே ஒரு கொக்கி. அந்தக் கொக்கி ஒரே ஒரு வகைச் செல்லைத்தான் பிடிக்கும், மற்றதைத் திரும்பியும் பார்க்காது. ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்த ஒருவரின் ரத்தத்தில் பழைய கெட்ட செல் ஒன்றிரண்டு திரும்ப வந்திருந்தால்கூட, குமிழிகள் தேடிப்போய் மொய்த்துக்கொள்ளும். நீல ஒளியில் பார்த்தால் பச்சை வளையமாகத் தெரியும். சின்ன ஊர் லேபிலும் இது நடக்குமா என்று பார்ப்பதற்கான சோதனை இது. அதற்கென்று ஒரு மைக்ராஸ்கோப்பும் வந்தது. மூலையில் கறுப்புத் துணி கட்டி அதற்கு ஓர் இருட்டறை தயாரானது.

தமயந்தி இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். கற்றதோடு நிற்காமல், வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கவும் ஆரம்பித்தார். "கேட் பாஸ் மாதிரிங்க. மைன்ஸுக்கு எத்தினி கேட்டு இருந்தாலும், பாஸுல எந்த கேட்டுன்னு போட்டிருக்கோ அங்கதான உள்ள வுடுவான்? இந்தக் குமிழி ஒவ்வொண்ணும் ஒரு பாஸு வச்சிகினு சுத்துது. அதும் ஆளு கெடைச்சாத்தான் ஒட்டும்." சண்முகப்ரியா இதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

போகும்போது பதினோரு விதிகள் அச்சடித்த ஒரு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். உறைய விடாதே, குலுக்காதே, வெளிச்சத்தில் வைக்காதே, முடிவை டாக்டருக்கு அனுப்பு, நோயாளியிடம் நேரே சொல்லாதே என்று எல்லாம் இருந்தது. பாக்கெட்டில் இருக்கும் ட்யூபைப் பயன்படுத்து என்றும் இருந்தது. கழுவாதே என்று மட்டும் இல்லை. கிருமி நீக்கி, மூடி முத்திரை வைத்து அனுப்பிய புது ட்யூபை ஒருவர் கழுவுவார் என்று எந்த விஞ்ஞானிக்குத்தான் தோன்றும்? நெய்வேலிக் காற்றைப் பாக்கெட் தடுக்கும் என்று எந்தத் தமயந்திதான் நம்புவார்?

ஆறு வாரத்தில் பதினாலு சாம்பிள். பதினாலிலும் பச்சை இல்லை.

அதில் ஒன்று நல்லசாமியின் ரத்தம். கரூர்ப் பக்கத்துக்காரர். மண்ணை வாரும் ராட்சத யந்திரத்தை இருபத்தாறு வருடம் ஓட்டியவர். நாலு மாடி உயர யந்திரம் அவர் விரலுக்கு அடங்கும். ரத்தப் புற்றுநோய் வந்து, வைத்தியம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவர் உலகத்தில் பயப்படுவது ஒன்றுக்குத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்புக்குள் ஊசி இறக்கி மஜ்ஜை எடுப்பார்களே, அதற்கு. அன்று கவுண்டரில் நின்று, "ஏனுங்க அம்மிணி, இருக்குதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்சினார். தாளில் உள்ள விதி தமயந்திக்கு மனப்பாடம். மனுஷன் முகத்தைப் பார்த்தார்.

"சுத்தமா இல்லீங்க சார். ரத்தம் சுத்தமா இருக்கு."

நல்லசாமி அன்று மாலையே புதுச்சேரி போவதை ரத்து செய்தார். மறுநாள் அவர் மனைவி திலகவதி ஒரு தூக்குச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு மாடியேறி வந்தார். தமயந்தி சட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுத்தான் திறந்தார் என்றாலும், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்துச் சண்முகப்ரியா போனில் வந்தார். "மேடம், பதினாலுல ஒண்ணுகூடவா இல்ல? ரெண்டு மூணாவது வரணுமே. கிட்டோட ஒரு ட்யூப் வருமே, தெரிஞ்ச செல் போட்டு மூடினது, அது ஒளிருதா?"

"ஜம்முனு ஒளிருதுங்க. ஒவ்வொரு வாட்டியும்."

"அப்ப குமிழி நல்லாத்தான் இருக்கு. நீங்க வேற ஏதாவது பண்றீங்களா? ட்யூபை?"

"கழுவித்தாங்க போடறேன்" என்றார் தமயந்தி, பாராட்டை எதிர்பார்த்த குரலில். "நாலு தண்ணி. கடைசியில ஒரு சொட்டு சோப்பு."

சண்முகப்ரியா தயங்கித் தயங்கி, "மேடம், அந்தக் குமிழி கொழுப்புல..." என்று ஆரம்பித்தார். முடிக்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புச் சட்டி கழுவுகிற எந்தப் பெண்ணுக்கும் சோப்பு பட்டால் கொழுப்பு என்னவாகும் என்று தெரியும். பதினாலு பேரின் ரத்தத்திலும் போட்ட குமிழிகளெல்லாம் ஆளைத் தேடிப் போகும் முன்பே ட்யூபுக்குள்ளேயே கரைந்துபோயிருக்கின்றன. தமயந்தியின் கை படாத அந்த ஒரே ஒரு ட்யூப்தான் உண்மை பேசியிருக்கிறது.

தமயந்தி போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வெட்கமா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 'ஐயோ, அந்த மனுசன் ஆஸ்பத்திரிக்குப் போவாம நின்னுட்டாரே' என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

கூடத்தின் உரிமையாளர் ஜெரால்டு இளைஞர். அப்பா காலத்து ஊழியர் என்பதால் தமயந்தியை 'யக்கா' என்பார். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

"யக்கா, நோயாளிகிட்ட சொல்லக்கூடாதுன்னு தாள்ல இருக்கா? இருக்கு. அப்ப நாம சொல்லல. சொல்லாததை எப்புடித் திருப்பி வாங்குறது?"

"நான் சொன்னேன் ஜெரால்டு. இந்த வாயாலதான் சொன்னேன்."

"நம்ம லேபு பேரு என்னாவறது?"

"பேரைக் கழுவிக்கலாம். அவரு போயிட்டா என்னாத்த கழுவறது?"

தமயந்தி பதின்மூன்று பேருக்குப் போனில் சொன்னார், மறுபடி ரத்தம் கொடுக்க வாருங்கள் என்று. பதினாலாவது ஆளுக்குப் போன் செய்யக் கை வரவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப்புக்குள் போனார். குவார்ட்டர்ஸ் வாசலில் நல்லசாமி பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார், கையெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு.

"வாங்க அம்மிணி! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ரெண்டு சொளை எடுங்க."

தமயந்தி உட்காரவில்லை. "சார், நான் அன்னிக்கி இல்லன்னு சொன்னது உங்க ரத்தத்தைப் பாத்து இல்லீங்க. என் சோப்பைப் பாத்து." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

நல்லசாமிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "சுத்தம் ஜாஸ்தியானதுல ஒரு தப்பா?" என்றார். திலகவதி சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து வந்தவர் நேராகத் தமயந்தியின் முகத்துக்கு எதிரே நின்றார். "ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்லிக் குடுக்கறயே, எங்க தலையையுஞ் சேத்து அலசி ஊத்திட்டயே! பத்து நாளா நான் நிம்மதியாத் தூங்கினேன் தெரியுமா? அதைத் திருப்பி வாங்கத்தான் வந்தயா?"

"ஆமாங்க" என்றார் தமயந்தி.

மாலையில் இரண்டு பேரும் லேபுக்கு வந்தார்கள். தமயந்தி பாக்கெட்டைக் கிழித்து, ட்யூபை எடுத்து, ஊதிக்கூடப் பார்க்காமல் அதில் ரத்தம் பிடித்தார். செல்களைப் பிரித்து, குமிழி கலந்து, அரை மணி நேரம் இருட்டில் வைத்து, உப்புக் கரைசலில் அலசி, ஸ்லைடில் இட்டு, கறுப்புத் துணிக்குள் போனார். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது நல்லசாமி எழுந்து நின்றார்.

"இருக்குங்க சார். கொஞ்சமாத்தான். ஆனா இருக்கு. புதுச்சேரிக்கு நாளைக்கே போவணும்."

"நீங்க சொன்னதை ஒருக்கா நம்பிட்டேன்" என்றார் நல்லசாமி. குரலில் கோபம் இல்லை. "இந்தவாட்டி நானே பாக்கறேன். காட்டுங்க."

நோயாளி யாரும் அந்தத் துணிக்குள் போனதில்லை. தமயந்தி தன் ஸ்டூலை இழுத்து அவருக்குப் போட்டார். நல்லசாமி குனிந்து கண்ணை வைத்தார். திலகவதி அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெரால்டும் வந்து துணியை விலக்கிப் பிடித்தார்.

"பச்சை வளையலாட்ட ஒண்ணு தெரியுது. இதுங்களா?"

"அதாங்க."

"இத்துனூண்டு! இதுக்கா அந்தப் பாடு?"

அவர் கண்ணை எடுக்கவேயில்லை. திட்டுகிறாரா, வேண்டிக்கொள்கிறாரா, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். ஒரு நிமிடம் போயிருக்கும். சட்டென்று அவர் தோள் அதிர்ந்தது.

"அம்மிணி! மங்குது... மங்கீட்டே வருது... போயிருச்சு! திலகா, போயிருச்சு! என் கண்ணு முன்னாலயே அவிஞ்சு போச்சு!"

நிமிர்ந்தவரின் முகமெல்லாம் சிரிப்பு. திலகவதி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். "நெசமாவா? போயிடுச்சா?" என்று தமயந்தியைக் கேட்டார். ஜெரால்டு அவர்களுக்குப் பின்னாலிருந்து தமயந்தியைப் பார்த்து, பேசாமல் இருங்கள் என்று கண்ணால் சொன்னார்.

போனது சாயம். அந்த நீல ஒளியை ஒரே இடத்தில் விட்டுவைத்தால் பச்சை வெளுத்துவிடும். செல் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போது மூன்று பேரும் தமயந்தியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு 'ஆமாம்' போதும், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

தமயந்தி குனிந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தார். பக்கத்துத் திருகை இரண்டு விரலால் தொட்டு, ஸ்லைடை ஒரு மயிரிழை நகர்த்தினார். இன்னும் ஒரு மயிரிழை, நீல ஒளி இதுவரை படாத இடத்தில் இன்னொரு பச்சை வளையம் தெரியும்வரை. பிறகு நிமிர்ந்து நகர்ந்துகொண்டு, நல்லசாமியின் தோளைத் தொட்டு, மறுபடியும் குனியும்படி கை காட்டினார்.