கூப் என்றால் வெட்டு

வெட்டின இரும்பைப் பார்த்து, அதை எப்படி வெட்டினார்கள் என்று சொல்வது என் தொழில். பிறர் பிழையைத் தேடிச் சம்பளம் வாங்குகிறவர்களே, நம்மோடு தேத்தண்ணி குடிக்க ஒருவரும் வருவதில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மெசினில் விழுந்த பழி

கனடாவில், பிரெஞ்சு பேசும் மொன்ட்ரியால்-நோரில் எங்கள் இரும்புப் பட்டறை. ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடக் கூரையைத் தாங்கப் போகவேண்டிய இரும்பு பீம் நட்டநடுவில் இரண்டாகக் கிடந்தது. வெட்டு அவ்வளவு நேர். எங்கள் போர்மன் மானோன் என்ற பெண். கணினியில் ஓடும் மெசின்தான் வெட்டியது என்று முடிவுகட்டி, அதை ஓட்டும் ரெஜானை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள். இருபது வருசம் அங்கே வேலை செய்த மனுசன். போகிற வழியில் என்னிடம் வந்து நின்றார்.

"மெசின் நான் சொன்னதைத்தான் செய்யும். நான் இதைச் சொல்லவில்லை."

அழியாத கோடு

வெட்டுமுகத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் தடக்கவில்லை. மெசின் என்றுதான் எனக்கும் பட்டது. பீமைப் புரட்டச் சொன்னேன். விளிம்பில் நூலளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. நெருப்பிலும் அழியாத மாக்கல் சோக்கு. மெசினுக்கு எதற்குக் கோடு? யாரோ காஸ் நெருப்பைக் கையில் பிடித்து, கோட்டை உரசியபடி, கடைசிவரை மயிரளவும் விலகாமல் வெட்டியிருக்கிறார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அப்படி வெட்ட அங்கே ஓராள்தான் இருக்க முடியும். மன்னார் அன்ரன் அண்ணை, வந்து இரண்டு மாதம். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் தகடு வெட்டியவர். பிரெஞ்சில் நடந்த சண்டை எதைப் பற்றியென்றே அவருக்கு விளங்கியிருக்கவில்லை. கேட்டதும் வரைபடத்தை விரித்து, நடுவில் இருந்த சொல்லைத் தொட்டுக் காட்டினார். வரைபடத்தில் 'கூப்' என்றால், அந்த இடத்தில் வெட்டிப் பார்த்தால் உள்ளே எப்படித் தெரியும் என்று காட்டுகிற படம். வெட்டச் சொல்லும் கட்டளை இல்லை.

"கூப் எண்டு எழுதிக்கிடந்தது தங்கச்சி. பிரெஞ்சு வகுப்பில ரீச்சர் கத்தரிக்கோலைப் பிடிச்சுக்கொண்டு வெட்டு எண்டுதானே படிப்பிச்சவா?"

இன்னொருக்கால்

உண்மையைச் சொன்னால் ரெஜான் தப்புவார். இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிற அன்ரன் அண்ணைக்கு வேலை போகும். நேரே மானோனிடம் போனேன். சொன்னேன். மானோன் நம்பவில்லை. கையால் இப்படி வெட்ட ஏலாது, உன் நாட்டுக்காரனைக் கொண்டு ரெஜானைக் காப்பாற்றப் பார்க்கிறாயா என்று கேட்டாள். ரெஜானையும் திரும்பக் கூப்பிட்டு, ஒரு கழிவு பீமை முன்னால் போட்டு, அன்ரன் அண்ணையை வெட்டிக் காட்டச் சொன்னாள்.

அன்ரன் அண்ணை சிலுவை அடையாளம் போட்டுவிட்டு நெருப்பைப் பற்றவைத்தார். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. துண்டு விழுந்தது. மானோன் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் நுழைய இடமில்லை. ஆறும்வரை காத்திருந்து, கையுறையைக் கழற்றி, விளிம்பைத் தடவிக்கொண்டு கனநேரம் நின்றாள். பிறகு இரண்டு பேரையும் வேலைக்குப் போகச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரெஜான் துண்டைக் குனிந்து பார்த்தார்.

"இதை என் மெசினுக்குக் காட்டாதீர்கள், வெட்கப்படும்."

இவ்வளவையும் கண்டுபிடித்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு, பட்டறைக்கு வரும் ஒவ்வொரு வரைபடத்திலும் 'கூப்' என்ற சொல்லைத் தேடி, பக்கத்தில் சிவப்பு மையால் 'வெட்டாதேங்கோ அண்ணை' என்று தமிழில் எழுதுகிற வேலை.