கழற்றாமல் சொன்ன கோளாறு

பழவேற்காட்டில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கத் தொடங்கி முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. தொழிலுக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, கழற்றிப் பார்க்காமல் கோளாறு சொல்லாதே என்பதுதான். அதை நானே ஒருநாள் மீறினேன். இன்ஜின் விஷயத்தில் அல்ல.

1. கடையில் விட்ட வார்த்தை

ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். என் பழைய கஸ்டமர் தேசிங்குக்கு வெகுநாள் கழித்துப் பாடு வந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் வலை கிழிந்து கிடந்தது. இறால் மொத்தமும் போய்விட்டது.

யார் செய்தது என்று யாரும் யோசிக்கவே இல்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள். அவர்களில் மாரியைத் தேசிங்கின் குப்பத்துக்காரர்கள் பிடித்து மீன் ஏலக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கடைக்கு வந்த ஒருவர், "இன்னா பாய், விஷயம் தெரியுமா?" என்றார். நான் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டே, "அவனுங்கதான் செஞ்சிருப்பானுங்க" என்றேன்.

மாரி எனக்கு ஒரு கெடுதலும் செய்தவனில்லை. ஆனால் அவன் டார்ச் லைட்டைச் சரிபார்க்க வந்து போனால், நான் ஸ்பேனர்களை எண்ணிப் பார்ப்பேன். ஒன்றுகூடக் குறைந்ததில்லை. எண்ணுவதையும் விட்டதில்லை. வெளியூரில் என் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களைப் பார்த்து நான் வேதனைப்பட்டதுண்டு. மாரிக்கும் அப்படித்தானே இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

2. பால் நிறத்தில் ஆயில்

கொஞ்ச நேரத்தில் தேசிங்கின் தம்பி குமார் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"காலைலேர்ந்து இழுக்க மாட்டேங்குது பாய். ஆமா, அவன் வலைய அறுத்தத நீங்க பாத்தீங்களாமே?"

"நானா? யார்ரா சொன்னது?"

"பாயே பாத்துட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. இனிமே அவங்க ஆளுங்க யாருமே ஏரியில எறங்கக் கூடாதுனு பேசினு கீறாங்க."

நான் வாய்க்கு வந்தபடி விட்ட வார்த்தை அதற்குள் கண்ணால் பார்த்த சாட்சியாகிவிட்டிருந்தது. கை மட்டும் வேலையைச் செய்தது. கியர் ஆயிலை வடித்தேன். பால் மாதிரி வந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ப்ரொப்பல்லரைக் கழற்றினால், ஷாஃப்டில் நைலான் வலை சுற்றி, தண்ணீரைத் தடுக்கும் ஆயில் சீலை அறுத்திருந்தது. நடுவே சிவப்பு நூல் முடிச்சுகள். கிழிந்த வலையைச் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டுச் சரிசெய்வது தேசிங்கு ஒருவன்தான்.

"விடியக்காலைல எந்தப் பக்கமா வந்த?"

"கடல்லேர்ந்து ஏரிக்குக் குறுக்கால வந்தேன். ஒரு எடத்துல இஸ்துச்சு. பாசின்னு நெனச்சேன்..." என்றவன் சிவப்பு நூலைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

3. கொட்டகை

ப்ரொப்பல்லரையும் அதில் சுற்றியிருந்த வலையையும் எடுத்துக்கொண்டு ஏலக் கொட்டகைக்கு நடந்தேன். என் வேலையில் பாதி அந்தக் குப்பத்திலிருந்து வருவது. கால் பின்னுக்கு இழுத்தது.

"நான் ஒண்ணும் பாக்கல. வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். தப்பு என்னுது. இது குமார் இன்ஜின்ல சுத்தியிருந்த வலை" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, வலையையும் ப்ரொப்பல்லரையும் தேசிங்கின் காலடியில் வைத்தேன்.

அவன் முடிச்சைத் தடவிப் பார்த்தான். அவன் கையால் போட்டதுதான். "எவ்ளோ நாள் காத்துனு இருந்த பாடு பாய். கண்ணு மண்ணு தெரியல" என்று அழுதுவிட்டான். பிறகு அவனே போய் மாரியைக் கைபிடித்துத் தூக்கினான். தேசிங்கு கெட்டவனில்லை என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் அடி ஏற்கெனவே விழுந்திருந்தது. மாரியின் உதடு கிழிந்திருந்தது. இரண்டு கையாலும் இறால் தடவும்போது, பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை அவர்கள் பல்லால் கடித்துக்கொள்வார்கள். உதடு ஆறும்வரை மாரியால் ஏரியில் இறங்க முடியவில்லை. அத்தனை நாளும் தேசிங்கு அவன் வீட்டுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்தான்.

ஆறிய பிறகு மாரி டார்ச் லைட்டோடு வந்தான். "உள்ள வா மாரி" என்றேன். அவன் இரண்டு கையையும் எனக்குத் தெரியும்படி முன்னால் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"இங்கியே நிக்கிறேன் பாய். உள்ள வந்தா, அப்புறம் நீங்க எண்ணணும்."

அன்றோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். அவன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான்.