எங்கள் முன்னறையால் போன வீதி

வீதி எங்கள் வீட்டுக்குள்ளால் போகிறது என்பதை ஒரு நீலக் கயிறுதான் எங்களுக்குக் காட்டியது.

ஊர்காவற்றுறைப் பட்டினத்தை அழகாக்கப் போகிறார்கள் என்று பல மாதமாகக் கதை. சந்தியிலிருந்து இறங்குதுறை வரைக்கும் வீதி அகலும். இரண்டு கரையும் கல் பதித்த நடைபாதை வரும். வாய்க்காலுக்கு மூடி வரும். பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் எரிகிற விளக்குகள் வரும். எனக்குச் சந்தோசம்தான். பாதி வீடுகளில் ஆளில்லாத ஊர் இது. கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்களின் கதவுகளில் பூட்டுகள் துருப்பிடித்துத் தொங்குகின்றன. முற்றங்களில் வேம்பு தன்பாட்டில் காடாகிறது. ஆள் வராவிட்டால் வெளிச்சமாவது வரட்டும் என்று நினைக்கிற வயது எனக்கு.

அளக்க வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பழைய வரைபடம் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். தேவாலய மதிலோரம் ஒரு எல்லைக்கல், துறைக்குக் கிட்ட ஒரு எல்லைக்கல். இரண்டையும் தேடிப் பிடித்து, இடையிடையே முளை அடித்து, கயிற்றை இழுத்தார்கள். கயிறு எங்கள் முன்னறையின் சந்திப் பக்கக் கதவால் உள்ளே வந்தது. அக்காவின் கதிரைக்குப் பின்னால் ஓடியது. துறைப் பக்கக் கதவால் வெளியே போனது.

அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். மெசினை நிறுத்தவில்லை.

“என்ன தம்பி, உடுப்புக் காயப்போடக் கொடி கட்டித் தாறியளோ?”

அவர் சிரித்தார். “இல்லை அக்கா. கயித்துக்கு அங்கால உங்கட வீடு. இஞ்சால றோட்டு. நீங்கள் இருக்கிறது றோட்டில.”

“இவ்வளவு காலமும் றோட்டில இருந்தோ தைச்சனான்?”

“ஓம்.”

“ஒரு பஸ்ஸும் இடிக்கேல்லையே!”

கயிறு பிடித்தவர்களும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கயிறு ஓடிய அந்தக் கோட்டில் எங்கள் வீட்டில் ஒருவரும் நிற்பதில்லை. அக்காவின் கதிரைக்கும் உட்சுவருக்கும் நடுவே ஒரு ஆள் போகிற அகலத்துக்கு அறை எப்போதும் வெறுமையாகக் கிடக்கும். அதில் நான் பையை வைத்தாலும், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அக்கா தலை நிமிராமல் சொல்வாள்: “வழியில நிக்காதை.” எந்த வழி என்று நான் கேட்டதில்லை. பழகிப்போன சொல்லை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

அந்த அறை அப்பா கட்டியது. அதைச் சொல்வதற்கு முதல் வேலியைச் சொல்ல வேண்டும். எங்கள் தீவில் வேலி அடைக்கிறவன் வேலித் தடியான புதுக் கதியாலைப் பழைய கிடங்கில் ஊன்ற மாட்டான். இரண்டு விரற்கிடை வெளியே தள்ளி ஊன்றுவான். வேலியை அரக்குவது என்று அதற்குப் பெயர். விடிந்ததும் அயல் வீட்டுக்காரன் வந்து நின்று ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசுவான். மத்தியானத்துக்குள் வேலி தன் இடத்துக்குத் திரும்பிவிடும். எந்த வரைபடமும் இல்லாமல் ஊரை அளந்து வைத்திருந்தவை அந்தச் சண்டைகள்தான்.

நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது ஏசுவதற்கு எதிர்ப்பக்கம் ஆளில்லை. எங்கள் வீட்டுக்குக் கூரையும் இல்லை. அது அக்காவுக்குச் சீதனமாக எழுதிய வீடு. அப்பா சுவர்களைத் திருத்தினார். பிறகு ஒருநாள் முற்றத்தைத் தாண்டி, பழைய வேலியையும் தாண்டி, புல் மூடிக் கிடந்த வீதிக்கரையில் அத்திவாரம் வெட்டினார். ஏன் என்று கேட்டேன். “பொம்பிளை பாக்க வாற ஆக்களுக்கு முகப்புக் கொஞ்சம் பெரிசாத் தெரியட்டும்,” என்றார். கடற்காற்று வரட்டும் என்று இரண்டு அந்தத்திலும் கதவு வைத்தார்.

பார்க்க வந்தவர்கள் இரண்டு தரம் வந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். முகப்பு நல்ல வடிவு என்று சொன்னார்கள். மூன்றாந்தரம் வரவில்லை. அப்பா காலமான பிறகு அக்கா மெசினை அந்த அறையில், வீதியைப் பார்த்த யன்னலோரம் போட்டாள். பள்ளிக்கூடச் சட்டைகளும் கோயில் உடுப்புகளும் தைத்துக் கொடியில் தொங்கவிட்டாள்.

அந்தச் சட்டைகள் ஆடும். காற்றுக்கு ஆடுவதென்றால் எல்லாம் சேர்ந்து ஆட வேண்டும். இவை ஒவ்வொன்றாக ஆடும். முதலாவது, பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது, யாரோ தோள் உரசிக்கொண்டு போவதுபோல. பாதை என்று நாங்கள் சொல்கிற, காரைநகருக்குப் போகும் மிதவை துறையை விட்டு வெளிக்கிடுவதற்குச் சற்று முதல் துறைப் பக்கமாக ஆடும். பாதை திரும்பி வந்து கட்டிய பிறகு சந்திப் பக்கமாக ஆடும். உச்சி வெயிலில், மெசின் ஓய்ந்த இடைவெளியில், செருப்பில்லாத கால் சீமெந்தில் படுகிற மெல்லிய ஓசையும் கேட்கும். பல்லி என்று நினைத்துக்கொள்வேன். பல்லிக்கு அவ்வளவு பாரம் இல்லை.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் போன அன்று பின்னேரம் அக்காவிடம் சொன்னேன்.

“அக்கா, உது எங்கட நிலமில்லை.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“அவையள் நடக்கத் தொடங்கின நாளே தெரியும்.”

சொல்லிவிட்டு ஊசிக்கு நூல் கோத்தாள்.

வீடு அவள் பெயரில். முன்னறையை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று அவள்தான் கையெழுத்து வைக்க வேண்டும். கடுதாசி கிழமைக்கணக்கில் அலுமாரி மேல் கிடந்தது. உள்ளறையில் இருந்தும் தைக்கலாம்தானே என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னேன்.

“உனக்கென்ன! பஸ்ஸேறி வேலணைக்குப் போய்ப் படிப்பிச்சுப்போட்டு வாறாய். நாலு சனத்தைக் காணுறாய். எனக்கு ஊர் எண்டது இந்தக் கதிரையில இருந்து தெரியிறதுதான். ஊருக்கு நான் எண்டது இந்த யன்னலுக்குள்ள தெரியிறதுதான். உள்ளுக்குப் போனால் நான் ஒருத்தி இருக்கிறன் எண்டு ஆருக்கடா தெரியும்?”

பூட்டிய வீடுகள் நிறைந்த தெருவில் ஒரு மனிசி உள்ளறைக்குப் போனால் அந்த வீடும் பூட்டிய வீடுதான்.

ஆனாலும் வைத்தாள். சோக்கட்டி வெள்ளை பிடித்த விரலால், ஒரு சட்டைக்குக் கை பொருத்துகிற நடுவில், கையெழுத்து வைத்துக் கடுதாசியை என்னிடம் நீட்டினாள். “அடுத்தவன்ர வழியில எவ்வளவு காலம் இருக்க ஏலும்,” என்றாள்.

இடிக்கிற அன்று நான் லீவு போட்டேன். பெக்கோ இயந்திரத்தை ஓட்டி வந்தவர் கரம்பொன்காரர், வாய்க்காரர். அக்கா முற்றத்தில் நின்று கையைக் காட்டி நிறுத்தினாள்.

“முதல் உந்த ரெண்டு கதவையும் கழட்டுங்கோ. பிறகு இடியுங்கோ.”

“கதவு தேவையோ அக்கா? உக்கிப்போய்க் கிடக்கு.”

“கதவு தேவையில்லை. உள்ளுக்கு ஆரும் மாட்டுப்பட்டால்?”

அவர் எட்டிப் பார்த்தார். அறை வெறுமை. கொடி மட்டும் தொங்கியது.

“உச்சி நேரத்தில பயப்பிடுத்தாதேங்கோ அக்கா. நான் நாய்க்கே பயந்தவன்.”

கழற்றினார்கள். அவர் ஏறி இருந்து இயந்திரத்தை முடுக்கினார்.

“பொறுங்கோ. பாதை வெளிக்கிடட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். இயந்திரத்தை நிற்பாட்டினார். வெயில் நின்றது. ஒரு காகம்கூடக் கரையவில்லை. வெறுங்கொடி சந்திப் பக்கத்து முனையில் ஒருமுறை தாழ்ந்தது. அந்தத் தாழ்வு கொடி நீளத்துக்கும் மெல்ல மெல்ல நகர்ந்து துறைப் பக்கத்தால் போனது. பாதையின் இயந்திரச் சத்தம் கடலில் தொடங்கித் தேய்ந்தது.

“இனி இடியுங்கோ,” என்றாள் அக்கா.

அவர் கொடியைப் பார்த்தபடியே இயந்திரத்தைத் திரும்ப முடுக்கினார்.

இப்போது எல்லாம் வந்துவிட்டன. சாம்பலும் சிவப்புமாகக் கல் பதித்த நடைபாதை, மூடி போட்ட வாய்க்கால், ஒரு இலைகூட அசையாத தெருவுக்கு இரவு முழுக்க எரிகிற விளக்குகள். பூட்டிய வீடுகளின் பூட்டுகள் அந்த வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரிகின்றன. அக்கா உள்ளறையில் தைக்கிறாள். அந்த அறையில் சட்டைகள் ஆடுவதில்லை.

நடைபாதை பற்றி முதலில் சொன்னதும் அவள்தான். “தம்பி, பாத்தனியோ? எங்கட வாசலால ஒருத்தரும் நேர போகினமில்லை.”

பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதைத்துக்கொண்டே நடைபாதையில் வருகிறார்கள். எங்கள் வீட்டடிக்கு வந்ததும் தாரில் இறங்கி, நாலு எட்டு வைத்து, திரும்ப ஏறுகிறார்கள். கதை நிற்பதில்லை, இறங்கியது அவர்களுக்கே தெரிவதில்லை. நாய்களும் அப்படித்தான். மீன் கொண்டுவருகிற மனிசி கடகத்தோடு இறங்கி ஏறியபோது மறித்துக் கேட்டேன்.

“ஏன் அக்கா றோட்டில இறங்கினீங்கள்? நடைபாதையில ஒண்டுமில்லையே?”

அவர் திரும்பிப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

“ஆரோ கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறமாதிரிக் கிடந்தது. எங்க... ஒருத்தரும் இல்லையே! வெயில் கண்ணைக் கட்டுது தம்பி.”

அதை அக்காவிடம் சொன்னேன். அவள் பயப்படவில்லை. பொத்தானைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தாள். பல காலத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள்.

“அப்ப நான் இருக்கிறது தெரியுதுதான்,” என்றாள்.

போன கிழமை மத்தியானம் பஸ்ஸால் இறங்கி வந்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. இவ்வளவு நாளும் நானும் இறங்கித்தான் போயிருந்தேன்; இந்தமுறை இறங்குவதில்லை என்று நினைத்துக்கொண்டு நடைபாதையில் நேரே நடந்தேன். பழைய யன்னல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்றேன். கல் சுட்டது. தோளில் துணி ஒன்று உரசியது. புதுச் சட்டையின் கஞ்சி மணம் வந்தது.

உள்ளறை யன்னல் திறந்திருந்தது. அக்கா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“விலத்தடா தம்பி,” என்றாள். “மெசினோட இடிபடப் போறாய்.”

நான் றோட்டில் இறங்கினேன்.