ஜோதியம்மாள் ஒட்டாத முகம்

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த விடுதி. பதினான்கு அறைகள். அத்தனைக்கும் படுக்கை விரிப்பு மாற்றி, கழிவறை கழுவி, தரை துடைப்பவள் அடி அண்ணாமலை கிராமத்து ஜோதியம்மாள். வயது ஐம்பத்து மூன்று. ஒன்பது வருடமாக அங்கே வேலை. சந்தோஷமாக இருக்கிறாயா என்று அத்தனை வருடத்தில் ஒருத்தரும் அவளைக் கேட்டதில்லை. கேட்காதவரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

கேட்க வந்தவன் அறிவுச்செல்வன், புது மேனேஜர். சென்னையில் பெரிய ஓட்டலில் இருந்தவன். நல்ல பையன், கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் மனசுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். வந்த மறுவாரமே சமையலறைச் சுவரில் ஒரு பலகை மாட்டினான். அதில் வேலை செய்யும் ஐந்து பேரின் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வட்டம். காலையில் வந்ததும் டப்பாவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முகத்தை எடுத்து வட்டத்தில் ஒட்ட வேண்டும். சிரித்த முகம், அழுத முகம், ரெண்டுமில்லாத முகம். வெள்ளிக்கிழமை கேக். மாதம் ஒருத்தருக்கு போட்டோ மாட்டி மரியாதை.

ஒட்டினால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஜோதியம்மாளும் தினமும் சிரித்த முகத்தை ஒட்டினாள். பௌர்ணமி வரைக்கும்தான் அது.

பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்துவிட்டு விடிகாலையில் நொண்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்காக ஜோதியம்மாள் எட்டு வருடமாக விடுதி வாசலில் ஒரு குண்டான் நிறைய வெந்நீர் வைப்பது வழக்கம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. மலை சுற்றும் பாதையிலேயே பிறந்து வளர்ந்தவள், சின்ன வயதிலிருந்து கால்களைப் பார்த்தே பழகியவள். வெறும் வலி என்றால் கல்லுப்புப் போட்ட வெந்நீர். கொப்புளம் என்றால் உப்பில்லாத வெதுவெதுப்பான தண்ணீர். கொப்புளம் உடைந்திருந்தால் முக்கவே கூடாது, ஆறவைத்த தண்ணீரை ஊற்றி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்ப்பாள். கீழ்பென்னாத்தூர்க்காரர் ஆனாலும் ஜெர்மன்காரர் ஆனாலும் அவளுக்குக் கால் கால்தான். மாதம் முழுக்க அவள் செய்தது மற்றவர்கள் சொன்ன வேலை. அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவளுடைய வேலை. அதை நினைத்துக்கொண்டுதான் மீதி நாட்களில் கழிவறை கழுவினாள்.

அந்தப் பௌர்ணமி முடிந்ததும், விருந்தாளிகள் அந்தக் குண்டானைப் பற்றி இணையத்தில் புகழ்ந்து எழுதியிருந்ததை அறிவுச்செல்வன் படித்தான். உடனே அது விடுதியின் திட்டமாகிவிட்டது. 'பாத சேவை' என்று பெயர். குண்டான் போய் பித்தளைப் பாத்திரம் வந்தது, ரோஜா இதழ் வந்தது. ரெண்டு கைப்பிடி உப்பு, பத்து நிமிடம் என்று அச்சடித்து லேமினேட் செய்த ஒரு தாள் வந்தது. வரவேற்பில் உட்காரும் கவியா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு அதைச் செய்வாள். ஜோதியம்மாள் அந்த நேரத்தில் மாடியில் அறை துடைப்பாள்.

"உங்களுக்கு வேலையைக் கம்மி பண்ணியிருக்கேன்மா" என்றான் அன்போடு.

அவள் விளக்குமாறை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மறுநாள் காலை அவள் வட்டம் காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும் காலி. அழுத முகமாவது ஒட்டுங்கள், நான் தப்பாக நினைக்கமாட்டேன் என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். ரெண்டு வாரம் கழித்து, அடுத்த பௌர்ணமிக்கு முதலாளி வருகிறார், அப்போதும் ஒத்துழைக்காதவர்களை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டான்.

வீட்டில் புருஷன் மூர்த்தி, பிளாஸ்டிக்குதானே, ஒட்டித் தொலையேன் என்றான்.

"சிரிப்பு வந்தா என் மூஞ்சியில சிரிக்கறேன். டப்பாவுல இருந்து எடுத்து ஒட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள் ஜோதியம்மாள். வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கும் இருந்தது. பயத்தோடுதான் பிடிவாதம் பிடித்தாள்.

பௌர்ணமி முடிந்த விடிகாலையில் முதலாளி ராஜேந்திரன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெங்களூரிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மலை சுற்றிவிட்டுத் தாங்கித் தாங்கி வந்து சேர்ந்தார். ரெண்டு பாதத்திலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. கவியா தாளைப் படித்தாள், எண்ணி ரெண்டு கைப்பிடி உப்பைப் போட்டாள், அவர் கால்களைப் பிடித்து உள்ளே விட்டாள். அவர் போட்ட அலறல் மாடிக்குக் கேட்டது.

தோளில் கிடந்த படுக்கை விரிப்போடு ஜோதியம்மாள் இறங்கி வந்தாள். யாரையும் கேட்கவில்லை. அவர் கால்களைத் தூக்கி வெளியே எடுத்தாள், நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவினாள், தரையில் உட்கார்ந்து பாதத்தை மடியில் வைத்துத் துணியால் ஒற்றினாள். கவியா அழுகிற மாதிரி நின்றாள்.

"காயிதத்த பாக்காதடி. காலைப் பாரு" என்றாள் அவளிடம்.

யார் இந்தம்மா என்று முதலாளி கேட்டார். அறிவுச்செல்வன் மென்று விழுங்காமல் உண்மையைச் சொன்னான். இது இந்தம்மா ஆரம்பித்தது, நான்தான் மாற்றிவிட்டேன் என்றான். அதற்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும். முதலாளிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்த மாதம் போட்டோ இவருக்குத்தான், தாளையும் திருத்தி இவர் கையிலேயே கொடுத்துவிடு என்றார்.

ஜோதியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"போட்டோ வேணாங்க. தாளும் வேணாம். இது நானா ஆரம்பிச்ச வேலை. இதை எப்படிச் செய்யணும்னு நான் சொல்றேன், நீங்க கேட்டுக்குங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. எங்க வூடும் மலை சுத்தற வழியிலதான் இருக்குது, குண்டானை எங்க வாசல்ல வெச்சிக்கறேன்."

முதலாளிக்கு இப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. மேனேஜரைப் பார்த்தார். அறிவுச்செல்வன் தாளைக் கிழிக்கப் பார்த்தான். லேமினேட் செய்தது, கிழியவில்லை. நாலாக மடித்துப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, பின்கட்டுக்குப் போய்க் குண்டானை அவனே தூக்கி வந்து வைத்தான்.

மறுநாள் காலையிலும் வட்டம் காலி. இன்னும் கோபமா என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கோவமெல்லாம் இல்ல சார். இன்னும் வேலையே ஆரம்பிக்கல, அதுக்குள்ள எப்படி இருக்குதுன்னு கேட்டா என்ன சொல்றது? சாயங்காலம் போறப்ப கேளுங்க."

சாயங்காலம் அவள் பையை எடுத்துக்கொண்டு வரும்போது நிஜமாகவே டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நின்றான். ஜோதியம்மாள் டப்பாவைத் தொடவில்லை. பலகையில் இருந்த ஐந்து பெயர்களையும் மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தாள்.

"இதுல உங்க பேர் எங்க சார்?"

அவன் டப்பாவைக் கீழே வைத்தான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எப்படி இருக்கிறாய் என்று அவனையும் ஒருத்தரும் கேட்டதில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. ஜோதியம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஊருக்குப் போகும் பஸ் வரும் நேரம்தான். ஆனாலும் பையைக் கீழே வைத்தாள்.

"உங்க பேரையும் எழுதுங்க. அடுத்த பஸ்ல போய்க்கறேன்" என்றாள்.