பொன்னாயியின் பாத்திரப் பண்புகள்

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் பவுலினாவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஆனால் உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் அவளைப் பற்றி இருபது புள்ளிக்குக் கட்டுரை எழுதுகிறார்கள். இந்தப் பெருமை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார் வந்தார். கதை எழுதுகிறவர். பவுலினாவின் வாழ்க்கையில் பாதியைக் கண்ணால் பார்த்தார். மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சோம்பல்பட்டு, தானே இட்டுக்கட்டி எழுதிவிட்டார். கதைக்குப் பரிசு கிடைத்தது. வாத்தியார் மாற்றலாகிப் போய், காலமாகியும் விட்டார். கதை மட்டும் பாடப்புத்தகத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கதையில் அவள் பெயர் பொன்னாயி. தங்கச் சங்கிலிக்கு ஆசைப்பட்டு, நாலு வயது மகனை விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போகிறாள். மகன் காய்ச்சலில் சாகிறான். அடக்கத்துக்குக்கூட வராதவள், பதினொரு மாதம் கழித்துக் கழுத்தில் சங்கிலியோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். அவ்வளவுதான் கதை.

இதில் எதைப் பொய் என்று சொல்வது? அவள் போனது உண்மை. மகன் கெவின் செத்தது உண்மை. அவள் வராததும் உண்மை, சங்கிலியும் உண்மை. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் பின்சுவர் மண்ணுக்குள் இறங்க, 'ஆபத்தான இடம், வெளியேறவும்' என்று யாரோ அதிகாரிகள் வந்து கடுதாசி ஒட்டிவிட்டுப் போனது மட்டும் கதையில் இல்லை. எங்கே போவது என்று கடுதாசியில் எழுதவில்லை. ஒரு துண்டு நிலமாவது வாங்கலாமென்றுதான் அவள் குவைத்துக்குப் போனாள். பிள்ளை அனலாய்க் கொதித்த அன்று தோட்டத்து லொறி கொழுந்தேற்றப் போய்விட்டது. புருஷன் இராயப்பன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. குவைத்தில் வீட்டுக்கார அம்மாள் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஒப்பந்தம் முடியட்டும் என்றாள். காசாகக் கொண்டுவந்தால் இராயப்பன் குடித்தே தீர்த்துவிடுவான் என்று பயந்து சங்கிலியாக வாங்கி வந்தாள். இதையெல்லாம் வாத்தியார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரிசு கிடைத்திருக்காதோ என்னவோ.

ஊர் மறந்திருந்ததைப் பாடம் கிளறிவிட்டது. பொழுதுசாய லயத்தில் மூன்று வீட்டுப் பெண் பிள்ளைகள் உரத்துப் படிப்பார்கள்: "பொன்னாயி, தாய்மையை விடப் பொன்னை மேலாகக் கருதிய பாத்திரம். அவளது பெயரிலேயே பொன்னாசை தொனிக்கிறது." சுவருக்கு அந்தப் பக்கம் பவுலினா அரிசி களைந்துகொண்டிருப்பாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், "என்னா பொன்னாயி, சங்கிலிய காணோம்?" என்று ஒருத்தி கேட்டாள். சிரித்தவர்களில் நேற்று அவளோடு வெற்றிலை பகிர்ந்தவளும் இருந்தாள்.

கெவினுக்குப் பிறகு பிறந்த நிலக்ஷனாவும் அதே பாடம்தான் படித்தாள். ஆனால் அவள் மட்டும் அதை வாய்விட்டுப் படித்ததே இல்லை. அந்த ஒரே பிள்ளை கெம்பஸில் பட்டம் படிக்கப் போய்விட்டால் போதும், தன்னைப் பற்றி யார் என்ன பேசினாலும் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தாள் பவுலினா. ஆனாலும் தாய்மையை விடப் பொன் மேல் என்ற அந்த வரி பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பண்டாரவளைக்கு பஸ் ஏறினாள். அங்கே நிலக்ஷனா போகும் டியூஷன் வகுப்பை நடத்தும் றிஸாத் சேர்தான் பிள்ளைகள் படிக்கும் அந்தக் குறிப்பை எழுதியவர்.

அவள் சொன்னதையெல்லாம் அவர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தக் கதையில லொறி வருதுங்களா சேர்?"

"இல்லம்மா."

"செவுத்துல ஒட்டின கடுதாசி?"

"அதுவும் இல்ல. பேப்பர் திருத்துறவங்களுக்கு உங்களத் தெரியாதும்மா. கதையத்தான் தெரியும்."

"அந்த ஒரு வரிய மட்டும் எடுத்திருங்க சேர். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் விடைத்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவி அவள் முன் வைத்தார். நிலக்ஷனாவின் கையெழுத்து. பவுலினா எழுத்துக் கூட்டி வாசித்தாள். சுவர் இருந்தது. லொறி இருந்தது. பாஸ்போர்ட்டும் இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் இருபதுக்கு நாலு.

"ரெண்டு தரம் எழுதிட்டா. எழுதாதன்னு சொல்லிப் பாத்துட்டேன், கேக்கமாட்டேங்கறா. பெரிய பரீட்சையிலயும் இப்பிடி எழுதினா கெம்பஸ் போக ஏலாதும்மா."

பவுலினா அந்தத் தாளை விரலால் தடவிப் பார்த்தாள். இந்த உலகத்தில் தனக்காக ஒருத்தி பேசியிருக்கிறாள் என்ற சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்த மகளின் வாயை அடைக்க வேண்டியது தன் வேலை என்று அடுத்த நிமிடமே புரிந்துபோயிற்று.

பகல் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவள் நோட்டை எடுத்து மகளின் மடியில் வைத்தாள்.

"சத்தமாப் படி."

"மாட்டேன்."

"படி புள்ள. செத்தவனும் வரமாட்டான், எழுதினவரும் வரமாட்டாரு. நீயாச்சும் இந்த லயத்த விட்டு வெளிய போ."

"அம்மா, இது நீங்க இல்ல."

"யாரா இருந்தா என்னா? மார்க்கு குடுக்கறாங்கல்ல, எழுது."

நிலக்ஷனா பாதி வரியில் அழுதுவிட்டாள். மீதியை பவுலினாவே சொல்லிக் கொடுத்தாள். சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் அரவம் அடங்கிப்போனது. மகள் தடங்கலில்லாமல் ஒப்பிக்கும் வரை விடவில்லை, ஐந்து தரம் சொல்ல வைத்தாள்.

நிலக்ஷனா அப்படியே எழுதினாள். தமிழுக்கு மிக நல்ல பெறுபேறு வந்தது. மற்ற இரண்டு பாடமும் காலை வாரிவிட, கெம்பஸ் அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்தது. அடுத்த தரமும் அதே கதிதான். கெம்பஸ் கனவு அத்தோடு போயிற்று.

இப்போது லயத்துப் பிள்ளைகளுக்கு நிலக்ஷனாவே தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள், வீட்டு முன்னறையில், றிஸாத் சேரின் குறிப்பை வைத்து. இறங்கிய பின்சுவருக்கு இந்தப் பக்கம் பவுலினா பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி போடுவாள். போன மாதம் பொன்னாயி பாடம் வந்தது. நிலக்ஷனா குரல் தளராமல் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். ஷிப்னா என்ற பிள்ளை கையைத் தூக்கியது.

"டீச்சர், மகன் செத்தும் அவ ஏன் வரல? ஏதாச்சும் காரணம் இருக்குமா?"

பவுலினா கேத்தலை இறக்காமல் அப்படியே நின்றாள். முன்னறையில் நோட்டில் ஒரு பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"காரணத்துக்கு மார்க்கு இல்ல," என்றாள் மகள். "குறிப்பில அடுத்த பந்திய எழுதுங்க."