இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

ஹெல்மி குய்விலா முப்பத்தொரு வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். மிச்சிகனின் வடகோடியில், பெரிய ஏரியிலிருந்து வரும் பனி கொட்ட ஆரம்பித்தால் வேலிக்கம்பங்கள்கூடக் காணாமல் போகிற ஊர் அவளுடையது. விடியுமுன் காலிப் பேருந்தை எடுத்துக்கொண்டு, முதல் பிள்ளை ஏறும் திருப்பம்வரை போகிற இருபது நிமிஷம்தான் அவளுடைய சொந்தச் சொத்து. முன்விளக்கு வெளிச்சத்தில் பனித்துகள் எதிரே பறந்து வரும்போது வண்டி ஓடவில்லை, மிதக்கிறது என்றே அவளுக்குத் தோன்றும். அந்த மிதப்பில் செத்துப்போன அக்காவோடு பேசுவாள், பார்க்காத ஊர்களுக்குப் போய்வருவாள், சாயங்காலத்துக்கு என்ன சமைப்பது என்றும் முடிவு செய்துவிடுவாள். ஒரு தடவைகூடச் சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கியதில்லை. கனவு காண்கிறவர்களுக்குக் கவனம் போதாது என்று பேசுகிறவர்கள் அவளோடு ஒருநாள் ஏறிப் போய்ப் பார்க்கட்டும்.

2011 அக்டோபரில் அந்த மிதப்பில்தான் புருஷனின் ரகசியம் அவளுக்குப் பிடிபட்டது. ஊர்ஹோ இரும்புச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவன். ஏப்ரலிலிருந்து காப்பியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டு மேஜைவிரிப்பைத் திட்டிக்கொண்டிருந்தான். சர்ச்சில் வலப்புறச் சுவரை ஒட்டி இடம் மாற்றிக்கொண்டான். வலப்பக்கமாகப் போய்க் கூப்பிட்டால் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாரிக்கு டயர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு தடவை நகரத்துக்குப் போனான், இரண்டு தடவையும் டயர் இல்லாமல் வந்தான். எல்லாம் ஒரு வளைவில் ஒன்றுசேர்ந்தன. ஐயோ, இவனுக்கு வலது கண் போய்விட்டது!

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. சொன்னால் தலையில் இருக்கிற கிரீடம் இறங்கிவிடுமா? பிறகு துக்கம் வந்தது. நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கும். நாற்பது வருஷமாக ஆகஸ்டிலேயே கத்தி தீட்ட உட்காருகிறவன், இந்த வருஷம் "அலுத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்தான். இந்த நவம்பரும் அந்த ஜன்னலிலேயே கழிந்தால் அவன் அதிலிருந்து எழுந்திருக்கவே மாட்டான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வலது கண் இல்லாதவன் இடது தோளில் சார்த்தித்தான் சுட வேண்டும். வீட்டில் இருந்த ஐந்து துப்பாக்கிகளும் வலதுகைக்காரனுக்குச் செய்தவை. அந்த வாரச் சனிக்கிழமை மத்தியானம் ஊர்ஹோ கொல்லையில் இருந்த சவுனா என்கிற நீராவி அறையில் வெந்து வந்து, சோபாவில் வாய் பிளந்து தூங்கினான். ஹெல்மி கம்பளிநூலை எடுத்து அவன் இடது முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை மெல்லப் பிடித்து அளந்தாள். உடம்பிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் இதே கைக்கு அவள் ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாள். யாருடைய கையை அளக்கிறோம், அந்தப் பையனுடையதையா இந்தக் கிழவனுடையதையா என்று ஒரு கணம் அவளுக்கே குழம்பிவிட்டது.

துப்பாக்கிக் கடை டெல்பர்ட் பெராலாவினுடையது. சின்ன வயதில் அவனும் அவள் பேருந்தில் போனவன்தான்.

"ஹெல்மிம்மா, நீங்களா? வழி மாறி வந்துட்டீங்களா?"

"வாயைக் குறைடா. பஸ் சீட்டைக் கிழிச்சவன்தானே நீ? இந்த நூல் நீளத்துக்குத் தோள்ல சார்த்தற கட்டை இருக்கிற மாதிரி ஒண்ணு காட்டு. இடதுகைக்காரனுக்கு. தோளை ரொம்ப உதைக்கக் கூடாது."

மூன்றாவதாகக் காட்டியது பொருந்தியது. டெல்பர்ட் அரசாங்கப் படிவத்தை நீட்டினான். உண்மையில் இதை வாங்குவது நீங்கள்தானா என்று அதில் ஒரு கேள்வி. பொய் எழுதினால் ஜெயில் என்றும் அங்கேயே அச்சடித்திருந்தது. துப்பாக்கி ஊர்ஹோவுக்கு, பிறகு எப்படி ஆமாம் என்று எழுதுவது? சர்ச்சில் வளர்ந்தவள் ஹெல்மி. 'இல்லை' என்று அழுத்திக் குறித்துக் கையெழுத்தும் போட்டாள்.

டெல்பர்ட் நெற்றியில் கைவைத்தான். "போச்சு! 'இல்லை'ன்னு போட்டா நான் விக்கவே முடியாதும்மா. யாருக்கோ பினாமியா வாங்கறீங்கன்னு அர்த்தம்."

"எனக்கெதுக்குடா இது? அவனுக்குத்தானே!"

"யார் காசு?"

"என் காசு."

"அவர் வாங்கிட்டு வரச் சொன்னாரா?"

"அவனுக்கே தெரியாது. தெரிஞ்சா அப்புறம் என்னடா திடீர்ப் பரிசு?"

"அப்போ வாங்கறது நீங்கதான். உங்க காசுல வாங்கிப் பரிசாக் குடுக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு. அவருக்குத் துப்பாக்கி வெச்சுக்கத் தடை ஏதாவது உண்டா? கேஸு, ஜெயிலு?"

"எட்டு வயசுல சர்ச் ஜன்னலை உடைச்சான்."

"அது பரவால்ல," என்ற டெல்பர்ட் பழைய படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று கொடுத்தான். அரசாங்கச் சரிபார்ப்புக்குத் தொலைபேசியில் அவள் பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தான். காத்திருந்த ஐந்து நிமிஷமும் ஏதோ கொலைக்குற்றவாளிபோல ஹெல்மிக்கு வியர்த்தது. சரி என்று பதில் வந்தது.

நவம்பர் முதல் ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும் அதைச் சமையலறை மேஜையில் வைத்தாள். ஊர்ஹோ உறையைப் பிரித்தான். குண்டேற்றும் கைப்பிடி இடப்பக்கம் இருந்ததைத் தடவிப் பார்த்தான்.

"இது இடதுகைக்காரன் துப்பாக்கி."

"தெரியும்."

"நான் வலதுகைக்காரன்."

"கைக்கு வாங்கலை. கண்ணுக்கு வாங்கினேன்."

அவன் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சூடேற்றாத சவுனாவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஹெல்மி கழுவிய தட்டுகளையே திரும்பவும் கழுவினாள். இத்தனை மாதம் பொத்தி வைத்த அவன் மானத்தைத் தானே மேஜையில் தூக்கிப் போட்டுவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். இருட்டுவதற்குள் உள்ளே வந்தான், சாப்பிட்டான், படுக்கப் போனான்.

மறுநாளிலிருந்து தினமும் பழைய சரளைக் குழிக்குத் துப்பாக்கியோடு தனியாகப் போய்வந்தான். அவளும் கேட்கவில்லை. பதினான்காம் தேதி, ஊர் ஆண்களெல்லாம் காட்டுக் குடிசைகளுக்கு வண்டி கட்டிப் போய்க்கொண்டிருந்தபோது, கதவோரம் வந்து நின்றான்.

"நூறு கஜத்துல தட்டை வெச்சா அடிச்சுடறேன்."

"நல்லதாப் போச்சு."

"மான் தட்டு மாதிரி எதிர்ல வந்து நிக்காது. வலப்பக்கமா வந்தா எனக்குத் தெரியாது. அங்க யாராவது உட்காரணும்."

"உன் வேட்டைக் கூட்டாளி எர்னியைக் கூப்பிடேன்."

"எர்னிகிட்ட விஷயத்தைச் சொல்லணுமே." பூட்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றான். "நீ வர்றியா?"

முப்பத்தெட்டு வருஷமாக வேட்டைக்கு இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டி சுட்டு, துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பியவள் அவள். வேட்டை தொடங்கும் நாளில் எந்தப் பெண்ணும் அந்தக் குடிசைப் பக்கம் போனதில்லை. "குளிருமே," என்று மட்டும் சொன்னாள். "ரெண்டு கம்பளி எடுத்துக்க," என்றான்.

வேட்டை நாளென்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை; விடியலில், மான் கண்ணில் படாமல் காத்திருக்கும் பலகை மறைவுக்குள் அவன் வலப்பக்கம் உட்கார்ந்தாள். பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் மறைவும் காடும் மிதக்க ஆரம்பித்துவிட்டன. மான் ஒன்றும் வரவில்லை.

"அந்தப் பக்கம் என்ன தெரியுது?" என்று ஊர்ஹோ கிசுகிசுத்தான்.

"ஒண்ணுமில்ல. வெள்ளைப் பட்டை மரம்."

"அப்புறம்?"

"அதுல ஒரு குருவி. பனியைத் தட்டி விடுது."

"அப்புறம்?"

ஹெல்மி திரும்பி அவனைப் பார்த்தாள். மானுக்காகக் கேட்கிற கேள்வியாக அது இல்லை. துப்பாக்கி மடியில் கிடந்தது. அவன் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். நீ என்ன பார்க்கிறாய் என்று இந்த மனிதன் இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"இரு, சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, கம்பளியை இருவர் மேலும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.